ஊர் திரும்பும் மாணவரிடம் கேட்க வேண்டியது

கி.பி. 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் வந்தார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்து நாலந்தா பௌத்த மடத்துக்கு வந்து, முதுபெரும் ஆசிரியர் சீலபத்திரரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அவர் பெயர் யுவான் சுவாங், பௌத்தத் துறவி. இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போய், அங்குள்ள மூத்த துறவிகளிடமும் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கப்பல் ஏறவில்லை. இலங்கையில் மன்னர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து வந்து சேர்ந்த துறவிகள் காஞ்சியில் அவரிடம் சொன்னார்கள். அவர்களிடமே தன் ஐயங்களைக் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி அவர்களால் எதையும் விளக்க முடியவில்லை என்று, யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹுய்லி பதிவு செய்திருக்கிறார். அதன்பின் அவர் மேற்குக் கரைப் பக்கமாக வடக்கே திரும்பினார். அவருடைய படிப்புப் பயணத்தின் தென் எல்லை காஞ்சிதான்.

இன்று அதே காஞ்சியிலிருந்து பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். முழுப் பட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கல்லூரிகளின் பரிமாற்ற ஒப்பந்தத்தில் ஒரே ஒரு செமஸ்டர் போய் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ மே மாதத்திலோ திரும்புவார்கள். பட்டணத்துக்குத் தெற்கே, தறிச் சத்தம் கேட்கும் ஓரிக்கையின் தெருவில் அப்படி ஒரு பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "மொத்தம் எவ்வளவுப்பா ஆச்சு?", "அங்கேயே ஏதாவது வேலை கிடைக்குமா?", "சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணின?" என்று விசாரணை நடக்கும். எல்லாம் அக்கறையில் வரும் கேள்விகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் "அங்கே என்ன படிச்ச, அதை இங்கே யாருக்குச் சொல்லித் தரப்போற?" என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரியும் கேட்பதில்லை. அதுதான் பெரிய நஷ்டம்.

யுவான் சுவாங் நாலந்தாவில் விடைபெற்றபோது துறவிகள் அவரை விடவில்லை. புத்தர் பிறந்த மண் இது, இதைவிட்டு ஏன் போகிறீர்கள் என்று மன்றாடினார்கள். தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வரவில்லை, தன் நாட்டில் கேட்கக் காத்திருப்பவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பதிலின் சாரம். சீலபத்திரர் மகிழ்ந்து, பயணத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

வழியில் சிந்து நதியைக் கடக்கும்போது புயலில் படகு தத்தளித்து, ஐம்பது சுவடிகளும் அவர் சேர்த்து வைத்திருந்த பூ விதைகளும் ஆற்றோடு போயின. அவர் அங்கேயே தங்கி, இழந்தவற்றில் ஒரு பகுதியைப் பிரதி எடுத்துவர ஆள் அனுப்பினார். 645-இல் சீனத் தலைநகர் சாங்கானை அடைந்தபோது அவரிடம் 657 நூல்கள் இருந்தன. பேரரசர் தாய்சோங் அரசுப் பதவி தர முன்வந்தார். அவர் அதை மறுத்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பேரரசர் கேட்டபடி பயணக் குறிப்புகளை மட்டும் 646-இல் எழுதி முடித்துக் கொடுத்தார். 664-இல் இறக்கும்வரை 19 ஆண்டுகள் அதே வேலைதான். சுமார் 75 நூல்கள், 1,335 சுருள்கள். வெளிநாட்டில் இருந்த காலத்தைவிடத் திரும்பி வந்தபின் அதற்காக உழைத்த காலம் அதிகம்.

இதில் காஞ்சிக்கு வந்த லாபத்தைத் தமிழர்கள் போதிய அளவு பேசுவதில்லை. சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அவர் காஞ்சிக்காரர். அமைச்சர் ஒருவரின் மகன். அரசகுமாரியோடு திருமணம் கூடிவந்த வேளையில் மனம் வெறுத்து ஊரைவிட்டு வெளியேறித் துறவியானவர் என்று யுவான் சுவாங்கே எழுதியிருக்கிறார். நாலந்தாவின் தலைமைப் பேராசிரியராக உயர்ந்த அந்தக் காஞ்சி மாணவர், பௌத்த அறிஞர் வசுபந்துவின் முப்பது பாடல்களுக்கு ஓர் உரை எழுதினார். அதன் சம்ஸ்கிருத மூலம் இன்று இல்லை. 659-இல் யுவான் சுவாங், பத்து உரைகளைத் தொகுத்துச் சீன மொழியில் ஒரே நூலாக்கியபோது, தர்மபாலரின் உரையையே அடிப்படையாகக் கொண்டார். அதில்தான் அந்த உரையின் கருத்து உயிரோடு இருக்கிறது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகரின் தர்க்க நூல் ஒன்றுக்கும் இதே கதை. நியாயமுகம் என்ற அந்த நூல் யுவான் சுவாங் 649-இல் செய்த சீன மொழிபெயர்ப்பில் இன்று கிடைக்கிறது.

படித்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு மாணவர் தன் கடமையைச் செய்ததால், காஞ்சி தொலைத்த அறிவு காஞ்சிக்கே மிச்சமாயிற்று. அவர் அன்று அரசவைப் பதவியை ஏற்று உட்கார்ந்திருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

யுவான் சுவாங்குடையது பல ஆண்டுப் படிப்பாயிற்றே, ஒரு செமஸ்டரில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். அதற்கும் வரலாற்றில் ஆள் இருக்கிறார். இத்சிங் என்ற இன்னொரு சீனத் துறவி 671-இல் கடல்வழியாகக் கிளம்பி, சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கினார். அங்கே ஆறு மாதம் தங்கிச் சம்ஸ்கிருத இலக்கணம் படித்தார். கிட்டத்தட்ட இன்றைய ஒரு செமஸ்டர். அந்த அடித்தளத்தோடுதான் நாலந்தாவுக்குப் போய்ப் பத்தாண்டுகள் படித்தார். பின்னால் வருகிறவர்களும் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கிப் பழகிக்கொண்டு இந்தியா போவது நல்லது என்று எழுதி வைத்தார். அடுத்த மாணவருக்கு வழி சொல்லும் இந்தப் பழக்கம் இன்று திரும்பி வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எந்தப் பாடத்தை எடுக்கலாம், எந்த மாதத்தில் வீடு தேடுவது, பகுதிநேர வேலை படிப்பை எங்கே கெடுக்கும் என்ற அனுபவமெல்லாம் வாட்ஸ்அப் குழுவோடு காணாமல் போகிறது. அடுத்த ஆண்டு போகிறவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

வெளிநாட்டில் ஒரு பகுதி படிப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, இரு நாட்டுக் கல்வி நிறுவனங்கள் இணைந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ முறைப் படிப்பில் மாணவர் 30 சதவீத மதிப்பெண் அலகுகள் (கிரெடிட்) வரை வெளிநாட்டில் படித்துச் சேர்க்கலாம். மாணவர்கள் பெறும் அலகுகளைச் சேமித்து வைக்க, அதற்கு முன்பே 2021-இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்தது. ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் ஏறக்குறைய 3,200 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிப்பது இன்று அங்கே சர்வசாதாரணம். தமிழக அரசும் நான் முதல்வன் திட்டத்தில் மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. அனுப்பி வைக்கும் வேலை நடக்கிறது. வரவேற்கும் வேலைதான் அரைகுறையாக நிற்கிறது.

அங்கே எடுத்த பாடமும் இங்கே உள்ள பாடத்திட்டமும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால், திரும்பி வந்தவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. விடுபட்ட ஆய்வகத் தேர்வை வகுப்புத் தோழர்கள் வேலைவாய்ப்பு நேர்காணலில் இருக்கும்போது தனியாக எழுத வேண்டியிருக்கிறது. துணிந்து வெளியே போய் வந்தவருக்கு இது பரிசல்ல, தண்டனை. போகாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு மாணவரை நினைக்க வைப்பதைவிடப் பெரிய கொடுமை கல்வியில் கிடையாது.

காஞ்சித் தறியில் ஒரு பாவு முடியும்போது, நெசவாளர் அதை அப்படியே அறுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவதில்லை. பழைய பாவின் நூல் முனைகளோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அவசரப்பட்டால் நெய்யும்போது அறும். செமஸ்டர் முடிந்து திரும்பும் பிள்ளைக்கும் கல்லூரி இந்தப் பொறுமையோடு இணைப்பு வேலை செய்து தர வேண்டும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பணத்தையும் பேசாமல் முடியாது. கூலிக்கு நெய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, விமானச் சீட்டும் நாலைந்து மாத அறை வாடகையும் சேர்ந்தால் கனவுகூடக் காண முடியாத தொகை. வெளிநாட்டு செமஸ்டர் என்பது வசதியுள்ளவர்களின் வீட்டு விசேஷமாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். அதனால்தான் போய் வந்தவர் கற்றதைப் பகிர வேண்டிய கடமை இன்னும் கூடுகிறது. ஒருவர் போன செலவில் ஐம்பது பேர் படித்தால், போக முடியாதவர்களுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

செய்வது கடினமல்ல. திரும்பிய மாணவர் தான் படித்த ஒரு பாடத்தை இளைய வகுப்புக்கு நாலைந்து வாரம் நடத்தட்டும். அதற்கும் மதிப்பெண் அலகு கொடுக்கலாம். தமிழில் ஒரு பயணக் குறிப்பு எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைக்கட்டும், அடுத்துப் போகிறவர் படிப்பார். அரசுப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை போய்ப் பேசட்டும். அங்குள்ள பேராசிரியரோடு தொடர்பை விடாமல் இருக்கட்டும். ஊர் திரும்பி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 654-இல், யுவான் சுவாங் நாலந்தாவுக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் மறைந்துவிட்ட சீலபத்திரருக்காக வருந்தினார். தான் மொழிபெயர்த்தவற்றைச் சொன்னார். சிந்து நதியில் போன நூல்களின் பட்டியலை இணைத்து, முடிந்தால் அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

காஞ்சியைச் சுற்றியுள்ள கல்லூரிகள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். புது நிதி எதுவும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை வந்து இறங்கினால், செலவையும் சம்பளத்தையும் விசாரிக்கும் முன், அங்கே படித்த ஒரு பாடத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு ப்ளஸ் டூ பிள்ளையையும் கூடவே உட்கார வையுங்கள்.