வட்டிக்கு அப்பால்

ஏழை நாடு ஒன்று கடன் வாங்கினால், வட்டி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். அதை எத்தனை ஆண்டுகளில், எந்த நாணயத்தில் திருப்ப வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். ஜாம்பியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி தாமிரத்திலிருந்து வருகிறது. தாமிர விலை நன்றாக இருந்த 2012இல் அந்நாடு முதன்முறையாக டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. கடன் பத்திரம் என்பது, காலந்தோறும் வட்டியும் முடிவில் அசலும் தருவதாக அரசு எழுதிக்கொடுக்கும் உறுதி. தொகை 75 கோடி டாலர். காலம் 10 ஆண்டு. வட்டி 5.375 சதவீதம். 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி என மேலும் வாங்கியது. அதற்குள் வட்டி கிட்டத்தட்ட 9 சதவீதமாகிவிட்டது.

முதலில் காலம். இத்தகைய கடனில் ஒரு மின் நிலையம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதைக் கட்டி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். பிறகு 30, 40 ஆண்டுகளுக்கு அது சிறுகச் சிறுகப் பலன் தரும். ஆகவே அதன் வருமானத்தை மட்டும் நம்பிப் பத்தே ஆண்டில் அசலை அடைப்பது கடினம். புதுக்கடன் வாங்கித்தான் பழையதை அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் தாமிர விலை சரிந்திருந்தால் புதுக்கடன் அதிக வட்டிக்குத்தான் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம்.

அடுத்தது நாணயம். மின் கட்டணமும் வரியும் வசூலாவது உள்நாட்டு நாணயமான குவாச்சாவில், கடனோ டாலரில். 2013இல் ஒரு டாலருக்குச் சுமார் 5 குவாச்சா. 2020 இறுதியில் 20க்கும் மேல். பின்னர் வாங்கிய கடன்களைச் சேர்க்காமலே, 2012 கடனின் சுமை குவாச்சாக் கணக்கில் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது.

2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையை ஜாம்பியாவால் கட்ட முடியவில்லை. அரசின் மிதமிஞ்சிய செலவும் கொரோனாவும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் கடனின் அமைப்பே நெருக்கடியை ஆழமாக்கியது. பத்திரதாரர்களுடன் உடன்பாடு கண்டு கடனை மறுசீரமைக்க 2024 வரை ஆனது.

வேறுவகைக் கடனும் உண்டு. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம் 1960இல் தொடங்கியபோது, 50 ஆண்டில் திருப்பும் வட்டியில்லாக் கடனைத் தந்தது. 0.75 சதவீதச் சேவைக் கட்டணம் மட்டுமே. முதல் 10 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டாம். இதைச் சலுகைக் காலம் என்பார்கள். இன்று நிபந்தனைகள் சற்று இறுகியிருந்தாலும் அடிப்படை மாறவில்லை. இதுவும் வெளிநாட்டு நாணயக் கடன்தான், ஆனால் அவகாசம் தாராளம்.

குறை, தொகையில் இருக்கிறது. பணக்கார நாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தரும் நிதியையே இச்சங்கம் பெரிதும் நம்பியிருக்கிறது. அதை எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே கடன் பத்திரம் போன்ற சந்தைக் கடனை முற்றிலும் தவிர்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. நீண்டகாலத் திட்டங்களுக்கு நீண்டகாலக் கடனை முதலில் ஒதுக்கிவிட்டு, டாலர் வருமானம் தரும் திட்டங்களுக்கு மட்டும் சந்தையை நாடுவது ஓரளவு பாதுகாப்பானது என்றே தோன்றுகிறது.