குறுந்தகடும் மறையீடும்

2007-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரிட்டன் வரித்துறையினர், குழந்தை உதவித்தொகைப் பட்டியலிலிருந்த ஏறத்தாழ 2.5 கோடி மக்களின் பெயர், பிறந்த நாள், வங்கிக் கணக்கு முதலியவற்றை இரண்டு குறுந்தகடுகளிற் பொறித்துத் தணிக்கை அலுவலகத்துக்கு விடுத்தனர். அவை போய்ச் சேர்ந்தில.

கடவுச்சொல் இருந்ததே என்பாருளர். அஃதோர் வாயிற்காவலனேயன்றி வேறன்று. உள்ளே எழுத்து வெளிப்படையாய்க் கிடப்பின், காவலனை விலக்கவல்லார்க்குத் தடை யாது? மறையீடோ எழுத்தையே உருமாற்றுவது. திறவுகோல் இல்லார்க்கு அது வெறுங்குப்பை. ஒருமுறையே எழுதத்தக்க தகட்டிற் பொறித்ததைப் பின்னர் மாற்றலாகாமையின், பொறிக்குமுன்னரே மறைத்தல் வேண்டும். (திறவுச்சொல்லைத் தகட்டின்மேலேயே எழுதிவைக்கும் அன்பரும் நம்முள் உளர்!)

பழியைக் கீழ்நிலை ஊழியர்மேற் சுமத்தினர் சிலர். யான் அதற்கு உடன்படேன். வங்கி விவரங்கள் வேண்டாவென்று தணிக்கையாளர் முன்னரே எழுதியிருந்தும், பிரித்தெடுக்கச் செலவாகுமென்றன்றோ அனைத்தையும் அனுப்பினர்!