கஞ்சா சாகுபடி: கிராம சபையைக் கேட்காமல் உரிமமா?

புது தில்லி: மருந்துக்காகவும் தொழில் பயன்பாட்டுக்காகவும் கஞ்சா பயிரிட அனுமதிக்கலாமா என்ற விவாதத்தில் ஹிமாசலப் பிரதேசம் வெகுதூரம் வந்துவிட்டது. வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நெகி தலைமையில் 2023-இல் அமைக்கப்பட்ட குழுவில் ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் இடம்பெற்றனர். குழுவின் அறிக்கையை ஏற்றுச் சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. சோதனை ஆய்வு நடத்தும் பொறுப்பைப் பாலம்பூர், நௌணி பல்கலைக்கழகங்களிடம் அளிக்க 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால், பயிர் வளரப்போகும் கிராமத்துக்கு இதில் என்ன அதிகாரம் என்ற கேள்வி பின்வரிசையிலேயே நிற்கிறது.

மாநில அரசுக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளே 'கஞ்சா'. அவற்றுடன் சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரா. வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு கடைகள் அரசு உரிமத்துடன் நடப்பது இதனால்தான். சாகுபடியை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் அச்சட்டத்தின் 10-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. நாருக்கும் விதைக்கும் வழிவிடுகிறது 14-ஆவது பிரிவு. உத்தரகண்ட் 2018-லேயே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது.

சிக்கல் வயலில்தான் இருக்கிறது. தொழில் பயன்பாட்டுச் செடியில் போதைச்சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உத்தரகண்ட் கடைப்பிடிக்கும் வரம்பு. இமயமலைச் சரிவுகளிலோ கஞ்சா தானாகவே முளைக்கிறது. அதன் மகரந்தம் காற்றில் பரவக்கூடியது. உரிமம் பெற்ற விவசாயி நல்ல விதையை விதைத்தாலும், காட்டுச் செடியுடன் கலந்து பெருகும் அடுத்த தலைமுறை விதை வரம்பை மீறக்கூடும். அனுமதியற்ற சாகுபடிக்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. ஆய்வுக்கூடமும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். சில பிகா நிலம் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

எந்தச் சரிவில் செடி தானாக வளர்கிறது, எந்த வயல் பள்ளிக்கு அருகில் உள்ளது, யார் பெயரில் யார் பயிரிடுகிறார் என்பதெல்லாம் சிம்லாவில் உள்ள அதிகாரியைவிடக் கிராமத்தாருக்கே நன்கு தெரியும். இந்த அறிவுக்குச் சட்டத்திலும் முன்மாதிரி உண்டு. பட்டியல் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், போதைப்பொருள்களின் விற்பனையையும் நுகர்வையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் வழங்கச் சொல்கிறது. ஹிமாசலத்தின் கின்னௌர், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டங்கள் அத்தகைய பகுதிகளே. ஆனால் சரஸுக்குப் பெயர்போன மலாணா அமைந்துள்ள குல்லு மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பனையில் ஒரு பகுதிக் கிராமங்களுக்கு இருக்கும் குரல், சாகுபடியில் எல்லாக் கிராமங்களுக்கும் ஏன் இருக்கக் கூடாது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2016-இல் வாக்கெடுப்பின் மூலம் கஞ்சாவை அனுமதித்தபோதுகூட, தத்தம் எல்லைக்குள் கஞ்சா வணிகத்தைத் தடை செய்யும் உரிமையை நகர, மாவட்ட நிர்வாகங்களுக்கு விட்டுவைத்தது.

கிராம சபையிடம் அதிகாரம் போனால் உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்கள் அதைக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. 'சிட்டா' எனப்படும் ஹெராயின் இளைஞர்களைச் சீரழித்துவரும் மாநிலத்தில் எச்சரிக்கை தேவைதான். ஆனால், உரிமம் முழுவதையும் கலால் அலுவலகத்தில் அடைத்துவைத்தால் செல்வாக்கு மறைந்துவிடாது. அது கதவு மாறி வரும், அவ்வளவே.

எனவே, விதிகளில் மூன்று அம்சங்கள் இடம்பெற வேண்டும். கிராம சபையின் ஒப்புதலின்றி உரிமம் கூடாது. தரமான விதையை அரசே வழங்க வேண்டும். அந்த விதையைக் கொண்டு பயிரிட்டும் வரம்பு மீறினால், பயிரை அழிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விவசாயியைக் குற்றவாளியாக்கக் கூடாது. வருவாய் கருவூலத்துக்கும் வழக்கு விவசாயிக்கும் என்று பங்கு பிரிப்பது ஒழுங்குமுறை ஆகாது.