பிரியும் வேளையில்

மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஏறத்தாழ 450 கிலோ மீட்டர். 2018-இல் தொடங்கிய விரைவு ரயில் மூன்று மணி நேரத்திற்குள் கடக்கும் இத்தொலைவை, முன்னோர் ஒட்டகத்தில் பல நாட்கள் கடந்தனர்.

நாங்கள் பேருந்தில் புறப்பட்டோம். விடைபெறும் தவாஃபை முடித்து வந்தபோது, முன்பே மதீனா ஜியாரத்தை முடித்துவிட்ட பாதிப்பேர் ஊர் திரும்ப ஜித்தாவுக்கு ஆயத்தமாயினர். அவர்களுள் என் அறைத்தோழரான பெரியவரும் ஒருவர். அறைக் குளிர்சாதனம் பற்றிய சிறு வாக்குவாதத்தால் பத்து நாட்களாக நாங்கள் பேசவில்லை.

பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவரே வந்து என் கரம் பற்றினார்.

"தம்பி, நான் ஏதும் மனம் நோகப் பேசியிருந்தால் ஹலாலாக்கி விடுங்கள்."

நாணித் தலைகுனிந்தேன். முந்தியிருக்க வேண்டியவன் நானல்லவா!

"நீங்களும் என்னை மன்னியுங்கள் பாவா" என்றேன்.

வழியனுப்புகையில், பயணியின் மார்க்கத்தையும் அமானிதத்தையும் செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்வார்கள். அதையே அவர் எனக்காக ஓதினார்.

அன்புச் சகோதரர்களே! பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழச் சலுகையுண்டு. உடன் வந்தோரின் உரிமையைச் சுருக்கச் சலுகையில்லை.