மலைக்குச் சேதி சொல்லும் வேலை

வேளாண் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு என்ன வேலை? கூட்டம் கூட்டுவது, பந்தல் போடுவது, துண்டுப் பிரசுரம் எழுதுவது. சில்லறை வேலை என்று தள்ளிவிடலாமா?

கொல்லிமலையைப் பாருங்கள். அரியூர் நாடு முதலான மலைநாடுகளில் முன்பு சாமையும் கேழ்வரகும்தான் சோறு. மரவள்ளிக்கிழங்கு வந்தது, கையில் காசு புரண்டது. சாமைக் காடு சுருங்கியது. குத்திக் குத்திப் பெண்களின் கையும் சலித்திருந்தது! எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்கள் வைக்க உதவியது.

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. பட்டணத்தில் சாமைப் பொங்கலுக்கு மவுசுதான். மலைக்கு என்ன லாபம்? கண்காட்சியில் படம் மாட்டினால் போதாது. சாமை அரிசி கீழே என்ன விலைக்குப் போகிறது? அந்தச் சேதி 70 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும். அது தெரிந்தால்தான், அடுத்த மழைக்குச் சாமையா, மரவள்ளியா என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள்.