நீர்மின்சாரம் மக்கள் சொத்தாகவே இருக்கட்டும்

மின்சாரம் என்றால் வடலூர் வட்டாரத்துக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். நிலம் கொடுத்த குடும்பங்களின் ஆறாத மனத்தாங்கலும் கூடவே வரும். ஆனால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்களில் பாயும் காவிரித் தண்ணீரும் மின்சாரம் தந்துவிட்டுத்தான் வருகிறது. மேட்டூரில் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, கொள்ளிடம் வழியே கீழணைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி வீராணத்தை நிரப்புகிறது. அந்த மின்சாரத்தின் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்கும் உரிமை கடைமடைக்காரர்களுக்கு உண்டு.

1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் வந்தன. எல்லாமே அரசுப் பணத்தில் எழுந்தவை. பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் வந்தது. கட்டிய செலவு எப்போதோ தேறிவிட்டது. எரிபொருள் வாங்க வேண்டியதில்லை. பராமரிப்பும் சம்பளமும்தான் செலவு. நம்மிடம் இருப்பதிலேயே மலிவான மின்சாரம் இதுதான்.

இதன் அருமை மாலையில் தெரியும். பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடுகிறது. வீடுகளில் விளக்கு எரியவும் விசிறி ஓடவும் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் மின்சந்தையில் வாங்கப் போனால், யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவது உண்டு. அனல் நிலையத்தைச் சூடேற்றி ஓட்டப் பல மணி நேரமாகும். மதகைத் திறந்தால் நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் ஓடும். காடம்பாறையின் 400 மெகாவாட் நிலையம், மலிவாகக் கிடைக்கும் நேரத்து மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. இனி வரும் காலத்தில் பணம் கொழிக்கப்போவது இந்த நீரேற்று நிலையங்களில்தான்.

தமிழக அரசின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை, இந்தத் துறையில் தனியாருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. இதை நாம் ஏற்கவில்லை. ஆறும் மலையும் அணையும் பொதுவாக இருக்க, மாலை நேர லாபம் மட்டும் தனியாருக்குப் போவது என்ன நியாயம்? பணமில்லை என்பது அரசின் பதில். 500 மெகாவாட் குந்தா திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும் உண்மை. அதற்குக் குறைந்த வட்டிக் கடனும் கண்டிப்பான மேற்பார்வையும் வேண்டும். தாமதத்தைச் சாக்காக வைத்து உடைமையைக் கைமாற்றக் கூடாது.

அமெரிக்காவில் 1937இல் வந்த பான்வில் சட்டம், கூட்டாட்சி அரசின் அணை மின்சாரத்தில் பொது அமைப்புகளுக்கும் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கும் முன்னுரிமை கொடுத்தது. அடக்க விலைக்கே கிடைத்ததால் சிற்றூர்களின் மின்கட்டணம் தணிந்தது. நம் பக்கத்தில், தெலங்கானாவின் சிரிசில்லாவில் 1970 முதல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கமே மின்விநியோகம் நடத்துகிறது. நம்மிடம் அப்படிச் சங்கம் இல்லாவிட்டாலும், மின்வாரியம் மக்கள் சொத்துதானே.

2024இல் வாரியத்தைப் பிரித்தபோது பசுமை எரிசக்திக்கென்று தனிக் கழகம் உருவானது. நீர்மின்சாரத்தை அது விநியோகக் கழகத்துக்கு அடக்க விலைக்குத்தான் தர வேண்டும். அடுத்த கட்டண விசாரணையின்போது, எந்த நிலையம் எத்தனை யூனிட் தந்தது, என்ன விலைக்கு என்ற கணக்கை ஒழுங்குமுறை ஆணையம் தமிழிலேயே வெளியிட வேண்டும். அடக்க விலையால் மிச்சமாகும் பணம், குறைவாக மின்சாரம் செலவிடும் வீடுகளுக்கும் குறிஞ்சிப்பாடி நெசவாளர் போன்றோருக்கும் முதலில் சேர வேண்டும். மேட்டூர்த் தண்ணீரைத் திறக்கும் நாளும் அளவும் மட்டும் பாசனத்தை வைத்தே முடிவாக வேண்டும். அதில் மின்சாரம் குறுக்கிடக் கூடாது.