மாரிக் குளிரில் மீனுக்கு அரை வயிறு



மார்கழிக் குளிர் வந்துவிட்டால் நம் வீடுகளில் அடுப்புக்கு ஓய்வில்லை. சுபஹுக்கு எழும்பியதும் கொத்தமல்லித் தண்ணீர், பின்னேரம் சூடாகக் கஞ்சி, பிள்ளைகளுக்கு அடிக்கடி பசி. நமக்குப் பசிப்பது போல வளவிலுள்ள குளத்து மீனுக்கும் பசிக்கும் என்று எண்ணி, ஒரு பிடி தவிட்டைக் கூடுதலாக வீசுகிறோம். இரக்கத்தில் செய்யும் இந்தக் காரியந்தான் குளத்தைக் கெடுக்கிறது!

நம் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். மீனுக்கு அது முடியாது. தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதன் உடம்பும் ஏறத்தாழ அதே சூட்டில்தான். தண்ணீர் குளிர்ந்தால் சமிபாடு மந்தமாகும். திலாப்பியா, ரோகு, கட்லா எல்லாம் வெப்பநாட்டு மீன்கள். 25 பாகை செல்சியசுக்கு மேல் நன்றாகத் தின்னும். 20 பாகைக்குக் கிட்ட இறங்கினால் இரையை அவ்வளவாகத் தொடாது.

தண்ணீரூற்றுப் பக்கம் அவ்வளவு குளிரா என்று கேட்பீர்கள். மார்கழி, தை இரவுகளில் சாதாரணமாக 22, 23 பாகைதான். அடைமழையும் வாடைக்காற்றும் சேர்ந்தால் கதை வேறு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

தின்னாத தீன் என்னவாகும்? அடியில் தங்கி அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனை அது எடுத்துக்கொள்ளும். மப்பும் மந்தாரமுமான நாட்களில் வெயில் இல்லாததால் குளத்துப் பாசியும் போதிய ஒட்சிசனைத் தராது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியல்ல, மூச்சுத் திணறல்! அதைப் பார்த்து மேலும் தீன் போடுவது நோயாளிக்கு நஞ்சு கொடுப்பது போலாகும். வலீமா வீட்டுச் சஹனில் மிஞ்சிய நெய்ச்சோற்றைக் கொட்டுவதும் அப்படித்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் திரும்பிவந்து பற்றை வெட்டிக் குடியேறிய நம் குடும்பங்களுக்கு வளவிலுள்ள சிறு குளமும் ஒரு முதல். ஓர் இரவில் அதை இழக்கலாமா?

என்ன செய்யலாம்?

நூறு கிராம் அளவில் நூறு மீன் இருந்தால் மொத்தம் பத்துக் கிலோ. வெயில் காலத்தில் நாளுக்கு 300 கிராம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் போடுவீர்கள். குளிர் நாளில் 150 கிராமோ அதற்குக் குறைவோ போதும். அதையும் காலையில் போடாமல், வெயில் ஏறிய பிறகு பத்து, பதினொரு மணிக்கு ஒரே இடத்தில் போடுங்கள். கால் மணி நேரத்தில் முடியாவிட்டால் மறுநாள் இன்னும் குறையுங்கள். சூரியனே தெரியாத அடைமழை நாளில் ஒன்றும் போட வேண்டாம். இரண்டொரு நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது.

மீன் மூச்சுத் திணறினால் கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி உயரத்திலிருந்து சிறுகச் சிறுக ஊற்றுங்கள். விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். மாரி விடியலில் வுழூச் செய்யும்போது கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருப்பதை உணர்ந்திருப்பீர்களே! அந்தச் சூடும் மீனுக்கு இதந்தான்.

இலண்டன் போன்ற குளிர் நகரங்களில் அலங்கார மீன் வளர்ப்போர், தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனால் தீனையே நிறுத்திவிடுவார்கள். மீன் உடம்பிலுள்ள கொழுப்பில் காலம் தள்ளும். இளவேனில் பிறந்ததும் சிறிது சிறிதாகத் தொடங்குவார்கள். ஏனெனில் குளிரில் இளைத்த மீனுக்கு நோயை எதிர்க்கும் சக்தி மெதுவாகவே திரும்பும்.

நமக்கு இளவேனில் என்று தனியாக இல்லை, மாசி வெயில்தான். தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் ஒரே நாளில் பழைய அளவுக்குப் போகாமல், ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். உடம்பில் சிவந்த புண்ணோ, பஞ்சு போன்ற வெள்ளையோ தெரிகிற மீனை உடனே பிரித்தெடுங்கள்.

சகோதரிகளே, இந்த மாரியில் தவிட்டுப் பேணியைத் தூக்குமுன் ஒருமுறை வானத்தைப் பாருங்கள், பிறகு தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். தீனும் விரயமாகாது, மீனும் தப்பும்.